பகல் என்ற பொத்தான்

வெள்ளாவெளிப் பிரதேச செயலகம், காத்தாடி சுற்றாத அறை.
நாலு மாதத்து எக்செல் தாள்களை
ஒரே திரைக்குள் இறக்கிவிட்டேன்.
காக்காச்சிவட்டையைத் தொட்டால்
ஆனை சரித்த வேலி, வயல், சுவர்,
கடைசியில் ஆள் என்று
பட்டைகள் நீளும்.

"சிவப்புக் கூடிப்போச்சு புள்ள,
கொழும்பிலிருந்து ஆக்கள் வாறாங்க"
என்றார் மேகராசா சேர்.
இளமஞ்சளாக்கினேன்.
எண்கள் அப்படியே நின்றன.

வந்தவரின் விரல் நேரே
'பகல்' பொத்தானில் விழுந்தது.
புள்ளிகள் எல்லாம் அணைந்து
வெறும் வரைபடம்,
குளங்கள் மட்டும் நீலமாய்.
"பரவாயில்லையே" என்றார். தேநீர் வந்தது.

'இரவு' அதற்குப் பக்கத்துப் பொத்தான்தான்.
சொல்லாமல் அழுத்தினேன்.

யாரோ கோப்பையைக் கீழே வைத்த சத்தம்.

இன்னும் ஏற்றாத ஒரு வரி
என் ஃபோனில் இருந்தது:
மாலையர்கட்டு, நேற்று, அதிகாலை 2.40.