மைனஸ் இருபது

திருவனந்தபுரத்துத் தராசில் என் பெட்டி
இருபத்தாறு கிலோ.
மூன்று கிலோ குறைக்க வேண்டும்.
நேந்திரங்காய் வற்றலை வெளியே எடுத்தேன், போதவில்லை.
ஸ்வெட்டரை எடுத்து உடுத்துக்கொண்டேன், போதவில்லை.
பின்னால் வரிசை முணுமுணுக்க
தரையில் குந்தியிருந்து
எதை விட்டுப் போவதென்று
ஒரு நூலகர் செய்யக்கூடாததைச் செய்தேன்.

பெட்டியைத் திறக்கச் சொன்னவர் கேட்டார்:
விற்கவா?
இல்லை.
அங்கே யாருக்காவது கொடுக்கவா?
முழுக்க அப்படி இல்லை.
பிறகு?
மாற்ற.
மதிப்பு என்ற கட்டத்தில் அவரே
ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

பின்லாந்தின் வடக்கே, ஏரிக்கரையில்,
மரத்தால் ஆன நூலகம்.
வாசலில் நின்றவள் பெயரைச் சொன்னாள்.
இருமுறை கேட்டேன்.
மார்யாத்தா.
எங்கள் பக்கம் இந்தப் பெயருக்குக்
கொடை கழிப்பார்கள் என்று சொல்ல
என் இங்கிலீஷ் எட்டவில்லை.
அவர்கள் பாஷையிலும் உயிர் நீள்கிறது, ஒற்று இரட்டிக்கிறது.
குறில் நெடிலானால் பொருளே வேறு.
தெருப்பலகைகளை உரக்க வாசித்துக்கொண்டே நடந்தேன்,
ஒன்றும் புரியாமல்,
ஓரளவு பிழையில்லாமல்.

முப்பத்தெட்டுப் புத்தகங்களையும் மேசையில் வைத்தேன்.
அவள் ஒன்றை எடுத்து முகர்ந்தாள்.
என்ன வாசனை?
கடல். மழை. சுவரை ஒட்டிய கருவாட்டுக் கிட்டங்கி.
ஈரம், என்று மட்டும் சொன்னேன்.
மன்னிப்புக் கேட்கும் குரலில் விதியை விளக்கினாள்:
வெப்ப நாட்டுக் காகிதம் எதுவும்
மூன்று வாரம் உறைபெட்டியில் கிடக்க வேண்டும்.
மைனஸ் இருபது.
இராமபாணப் பூச்சிக்கு அங்கே அனுமதி கிடையாது.

கொஞ்சம் கோபம் வந்தது.
ஆனால் அவள் ஒவ்வொன்றையும்
பிளாஸ்டிக்கில் பொதிந்து, காற்றை அமுக்கி எடுத்து,
முதுகெல்லாம் ஒரே பக்கமாகக் கிடத்தியபோது
குளச்சல் துறையில் வெளுக்கும் முன்னே
நெய்மீனைப் பெட்டியில் அடுக்கும் கைகள் நினைவில் வந்தன.
நாங்களும்
தூரம் போக வேண்டியதைத்தான் ஐஸில் வைக்கிறோம்.

என் விசா பத்து நாள்.
என் புத்தகங்கள் கண்விழிக்கும் முன்
நான் விமானம் ஏறிவிட்டேன்.

அவர்கள் தந்த முப்பத்தெட்டும்
இடவப்பாதி பிறந்த மறுநாள் வாசகசாலைக்கு வந்தன.
வற்றலைப் போல நொறுங்கும் காய்ச்சல்.
ஒரே வாரத்தில் நீர் கோத்து
அட்டைகள் நிமிர்ந்து
ஓட்டுக் கூரையைப் பார்த்தன.

கமிட்டியில் வின்சன்ட் பயஸ் கேட்டார்:
"பிள்ளே, இத எவன் வாசிப்பான்?"
மார்யாத்தாவின் கமிட்டியிலும்
இதே கேள்விதானாம்.
அவளும் என்னைப் போல
தேநீர் ஊற்றப் போய்விட்டாளாம்.

மழைக்கு ஒதுங்கியவன் ஆன்றோ ரெத்தினம்,
ஐஸ் கம்பெனியில் பார் உடைக்கிறவன்.
ஒன்றைப் புரட்டினான், நின்றான்.
உறைந்த ஏரி மேல் முக்காலி போட்டு ஒருத்தன்,
காலடியில் வட்டத் துளை, அதற்குள் தூண்டில்.
"எக்கா, இது எவ்வளவு கனம்?"
ரெண்டு முழம் இருக்கும்.
"பாத்தா கண்டமானம் பெருசாக்கும். எத்தன மோட்டரு?"
மோட்டார் ஒன்றும் இல்லை.
"கரண்டு இல்லாமலா?"
பேரேட்டில் மொழி என்ற கட்டத்தில்
முதன்முதலாக ஃபின்னிஷ் என்று எழுதி
தேதி முத்திரை குத்தினேன்.

ஆவணியில் மார்யாத்தாவின் கடிதம்:
உன் புத்தகம் ஒன்று வெளியே போயிருக்கிறது.
யார் எடுத்தார்கள் என்று சொல்ல
எங்கள் சட்டம் விடாது.

ரெத்தினம் நாலு நாள் பிந்தி வந்தான்.
அபராதம் ரெண்டு ரூபாய், வாதாடாமல் கொடுத்தான்.
புத்தகத்தை வாங்கினேன்.
கை சில்லிட்டது.
எங்கே வைத்திருந்தாய்?
"கம்பெனியிலேதான், பார் அடுக்குற ரூமுல.
அதுக்குச் சூடு பழக்கம் இல்லல்லா."