நமத்துப்போன தட்டுவடை

தோசைத்திருப்பி ஒன்று வாங்கிக்கொண்டு
ஒன்பது மணி கொண்டலாம்பட்டி பஸ்ஸைப் பிடிப்பதுதான்
திட்டம்.
அரிசிப்பாளையம் மருந்துக்கடையில்
காலையிலிருந்து நின்ற கால்
செருப்புக்குள் இட்லியாய் உப்பியிருந்தது.

ஆடி மாசத்துப் பொருட்காட்சி.
போஸ் மைதானத்துத் தூசி முழுக்க எங்கள் தலையில்.
தட்டுவடை செட் ஒரு தட்டு,
காரம் தூக்கலாய், பீட்ரூட் குறைவாய்.
முதல் கடி கடிக்கிறேன்,
மரணக்கிணற்றுக்கும் டெல்லி அப்பளத்துக்கும் நடுவில்
பம்பை இறங்கியது.

இறங்கியது என்றுதான் சொல்ல வேண்டும்.
காதுக்குள் இல்லை,
முழங்காலுக்குள்.

மேடை என்றால் நாலு பெஞ்சு, ஒரு ஜமுக்காளம்,
பின்னால் பல்பொடி விளம்பரம்.
தாரமங்கலம் அலமேலு
கிளிப்பச்சைச் சேலையை இடுப்பில் செருகி
கடன் வாங்கி ஓடியவனின் சட்டைக் காலரைப் போல
மைக்கைப் பிடித்திருந்தாள்.

"கஞ்சமலை மேல மழை
கருப்பூரு காயுதடி
குடை கொண்டாரப் போன மச்சான்
குகைப் பக்கம் நிக்கறான்டி"

குகைக்காரர்கள் விசிலடித்தார்கள்,
அந்த மச்சான் தங்கள் தெருவேதான் என்பதுபோல.

ரெண்டு வரிக்கு ஒருமுறை
மரணக்கிணற்றில் பைக் உறுமிப் பாட்டைத் தின்றது.
மூன்றாவது தடவை
பம்பைக்கார மாதேசன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.
நான்காவது தடவை
உறுமல் ஏறும் இடத்தில் அவன் கோலும் ஏறியது.
அப்புறம் அந்த பைக்கும்
சம்பளமில்லாமல் செட்டில் சேர்ந்துவிட்டது.

போலீஸ்காரம்மா ஒரு சீட்டை மேலே நீட்டினார்.
அலமேலு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
கையைத் தூக்கினாள்.

பம்பை நின்ற அந்த நொடியில்தான் தெரிந்தது
எவ்வளவு நேரமாய் அதற்குள்ளேயே இருந்தேன் என்று.

ஆறு வயசு. ஊதாச் சட்டை.
பேரு பிரணித்.
ஜாகீர் அம்மாபாளையம்.

அவள் அறிவிக்கவில்லை.
அதே மெட்டில், அரைக்கட்டை இறக்கி,

"ஊதாச் சட்டை போட்ட தொரை
உங்கம்மா தேடறாடா"

என்று தொடங்கினாள்.
உருமி மட்டும் மெல்ல வந்தது.
ராட்டினத்து வரிசை திரும்பியது. பஞ்சுமிட்டாய்க்காரர் திரும்பினார்.
தேடறாடா, தேடறாடா என்று
மைதானமே பாடிக்கொண்டு
அவரவர் காலடியைக் குனிந்து பார்த்தது.

ஸ்பீக்கர் பெட்டிக்குக் கீழே
ரெண்டு கையையும் தூக்கி ஆடிக்கொண்டு
எல்லாரையும்விடச் சத்தமாய்
தேடறாடா என்று பாடியது
ஊதாச் சட்டை ஒன்று.
பாடிவிட்டு அக்கம்பக்கம் வேறு பார்த்தது,
யாரடா அந்தப் பையன் என்று.

அம்மா ஓடி வந்து முதுகில் வைத்த அடி
சரியாகத் தாளத்தில் விழுந்தது.
மாதேசன் அதை விடவில்லை,
அங்கிருந்தே அடுத்த நடையை எடுத்தான்.
அழுவதா முறைப்பதா என்று தெரியாமல்
அவளும் அங்கேயே தூசியில் உட்கார்ந்தாள்
பையனின் பனியனை இறுக்கிப் பிடித்தபடி.

தட்டுவடை நமத்துவிட்டது.
ஒன்பது மணி பஸ் இந்நேரம் குகையைத் தாண்டியிருக்கும்.
தோசைத்திருப்பியை எப்போது பையிலிருந்து எடுத்தேன்,
எப்போது எவர்சில்வர் டிபன் பாக்ஸில் தட்ட ஆரம்பித்தேன்,
எதுவும் நினைவில்லை.

பக்கத்தில் நின்ற வெள்ளிப்பட்டறை ஆள்தான்
மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:
"அக்கா, அரை அடி முந்துறீங்க."