சமையலறைச் சாவி

சம்த்ரேடியாவில் எங்கள் வீட்டுத் தெருக்கதவு
இரவிலும் சும்மாதான் சாத்தியிருக்கும்.
பூட்டு சமையலறைக்கு.

முதலில் கொண்டி. அப்புறம் தாழ்ப்பாள்.
அப்புறம் ரயில்வே கிடங்கிலிருந்து
நான் கேட்டு வாங்கிவந்த பித்தளைப் பூட்டு.
சாவி சியாலாவின் கழுத்தில், சிலுவையோடு ஒரே சங்கிலியில்.
முப்பது வருடம் உரசியதில்
எதன் நிறம் எதில் ஏறியதென்று சொல்ல முடியாது.

மல்காஸுக்கு முப்பத்தெட்டு. காதோரம் நரை.
கைகள் மட்டும் பத்து வயதோடு நின்றுவிட்டன.
அந்தக் கைகளால்தான்
ஆயிரம் துண்டுப் புதிர்ப்படங்களைச் சேர்க்கிறான்,
அவசரமே இல்லாமல்.

பிறந்தபோது அவனுக்குப் பால் உறிஞ்சத் தெரியாது.
அழவும் தெரியாது.
ஈரத்துணி மாதிரி என் முழங்கையில் தொங்கினான்.
மருந்துச் சொட்டுக்குழாயால்
ஒரு அவுன்ஸ் உள்ளே போக ஒரு மணி நேரம்.
ஒரு வாய் ராசா, ஒரே ஒரு வாய் என்று
இரண்டு வருடம் கெஞ்சினோம்.

யார் காதிலோ விழுந்துவிட்டது போல.

அவனுக்குப் பசி வந்த வருடம்
ஊருக்கே பசி.
மின்சாரம் இல்லை. விடியுமுன்னே ரொட்டிக்கு வரிசை.
தரையில் சிந்திய மாவை அவன் நக்கியபோது
வரிசையில் நின்றவர்கள் சொன்னார்கள்:
எந்த வீட்டுப் பிள்ளைதான் இப்படி இல்லை?
விளக்கு வந்தது. ரொட்டி வந்தது.
எல்லோர் பசியும் போனது.

பதினான்கு வயதில் திபிலிசியில் ஒரு மருத்துவர்
மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினார்.
பதினைந்தாவது குரோமோசோம்.
அம்மா தந்தது முழுசாக இருக்கிறது.
அப்பா தந்ததில் ஒரு துண்டு இல்லை.
போதும் என்று மூளைக்குச் சொல்லும் துண்டு என்றார்.
யார் மேலும் தப்பில்லை என்றும் உடனே சொன்னார்.
சியாலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
திரும்பும் ரயிலில் நிலையங்களை எண்ணிக்கொண்டே வந்தேன்.
பதினைந்தாவதின் பெயரை மட்டும் வாசிக்கவில்லை.

நான் ஒருகாலத்தில் விருந்துகளின் தலைவன்.
கொம்புக் கோப்பையைத் தூக்கி
இறந்தவர்களுக்கு, விருந்தாளிக்கு, பிறக்கப்போகிறவர்களுக்கு என்று
விடிய விடிய வாழ்த்துச் சொன்னவன்.
போன மாதம் பக்கத்து வீட்டு குராமின் மகள் கல்யாணத்துக்கு
முறை வைத்துப் போனோம்:
ஒரு மணி நேரம் அவள், ஒரு மணி நேரம் நான்.
வீட்டுக்குள் நுழையுமுன் குழாயடியில்
வாயைக் கொப்பளித்தேன். சட்டையைக் கழற்றினேன்.
பூண்டும் வால்நட்டும் மணக்கிற மனிதனாக
மகன் முன்னால் நிற்க முடியாது.

பிப்ரவரியில் ஒரு நாள் சங்கிலி அறுந்துபோனது.
கட்டிலடி, சலவைக்கூடை, கோட்டுப்பை, எங்கும் தேடினோம்.
இரவு நான்கு மணிக்கு யாரோ நிற்பது தெரிந்து விழித்தேன்.
மல்காஸ். மூடிய கை.
"அப்பா, வேற எங்கயாவது ஒளிச்சு வை.
எனக்குச் சொல்லாதே."
உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்திருந்தது.
எவ்வளவு நேரம் பிடித்திருந்தானோ.

அவன் தூங்கிய பிறகு போய்
ரொட்டித் துண்டுகளை எண்ணினேன்.
சரியாக இருந்தன.
எண்ணினேன் என்பதை
இதுவரை சியாலாவிடம் சொல்லவில்லை.

எல்லா நாளும் அப்படியில்லை.
அடுத்த வாரமே குராமின் கோழித் தீவனத்தில்
அரை வாளி காணோம்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவன் பக்கத்தில்
விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்,
திட்டவும் தெம்பில்லாமல்.

எனக்கு எழுபத்து மூன்று. அவளுக்கு எழுபது.
எங்களுக்கு அப்புறம் என்று தொடங்கும் வாக்கியத்தை
இருவரும் தொடங்குவோம்.
ஒருவர் கெட்டிலை அணைக்க எழுந்துபோவோம்.

நேற்றுக் காலை,
நானே ஒளித்துவைத்த இடம் எனக்கு மறந்துபோனது.
அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.
புதிரிலிருந்து தலை நிமிராமல்
மல்காஸ் சொன்னான்:
"கடிகாரத்துக்குப் பின்னால."

சாப்பாடு எட்டரைக்கு.
கடிகாரத்தில் எட்டு இருபது.
சாவி அங்கேதான் இருந்தது.
பத்து நிமிடம் இருவரும்
அந்தப் படத்தின் வானத்தைச் சேர்த்தோம்.