முப்பத்தேழாவது சென்டிமீட்டர்

ட்ரோம்சோவில் நவம்பர் கடைசியில்
சூரியன் விடுப்பில் போய்விடும்.
எனக்கு விடுப்பில்லை.
நுண்ணோக்கியின் விளக்குதான் என் பகல்,
தீப்பெட்டி அகலம்.

கடலடியில் குழாயை இறக்கி உருவிய சேற்றைக்
கப்பல் தளத்தில் கிடத்தியபோது
சமையற்காரர் ஓட்லேய்ஃப் எட்டிப் பார்த்தார்:
இதற்கா பன்னிரண்டு நாள் வாந்தி எடுத்தீர்கள்?
இதற்குத்தான்.

சலித்து, கழுவி, உலர்த்தினால்
மிஞ்சுவது ஒரு சிட்டிகை வெள்ளை.
உப்பென்று நினைத்து முட்டையில் தூவலாம்.
ஒவ்வொரு துகளும்
ஓருயிரணு கட்டிக் குடியிருந்து
காலி செய்துபோன சுண்ணாம்பு வீடு.

நான் பார்க்கவேண்டியது சுருளை மட்டும்.
குளிர்நீரில் மிதந்தவை இடம்புரி.
நீர் கொஞ்சம் வெதுவெதுத்தால் வலம்புரி.
முன்னூறு எண்ணு, என்பாள் ஹால்டிஸ்,
அதற்குக் குறைந்தால் வதந்தி.

ஈரத் தூரிகையின் ஒற்றை மயிர்நுனியில்
இடம், இடம், இடம்.
நாற்பதாவது சென்டிமீட்டர் முழுக்க இடம்.
முப்பத்தொன்பதும்.
முப்பத்தெட்டில் ஒன்றே ஒன்று
கூட்டத்துக்கு எதிரே நடந்து வந்தது.
பிழையோ என்று புரட்டிப் பார்த்தேன்.
முப்பத்தேழில்
அவைதான் கூட்டம்.

ஒரு விரல்நக அகலச் சேறு,
முன்னூறு வருடம்.
அதற்குள் பனி இடம் பெயர்ந்தது.
பாரம் இறங்கிய எங்கள் கரை
மெல்ல எழுந்து உட்கார்ந்தது;
அலைக்கு இருபது மீட்டர் மேலே
என் உருளைக்கிழங்குப் பாத்தியில்
மண்வெட்டி பட்டு இன்றும் சிப்பி நறநறக்கும்.
உருகிய நீரோ தெற்கே போய்
யாரோ மான் துரத்திய சமவெளிமேல்
அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள்
என்று எழுதினால் ஹால்டிஸ் அடித்துவிடுவாள்.
திரும்பிப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருந்தது.
பல தலைமுறை.

இருநூற்றுப் பதினொன்றில் தும்மினேன்.

தட்டு காலி.
மேசைக்கடியில், தரையின் இடுக்கில்,
என் மடியில் எங்கோ ஒரு வெப்பக்காலம்.
பதிவேட்டில் உள்ளபடி எழுதினேன்:
எண்ணியது 211. வலம் 164.
மீதி மூச்சில் போயிற்று.
ஹால்டிஸ் படித்தாள். சிரிக்கவில்லை.
மறுபாதிச் சேறு குளிரறையில் இருக்கிறது,
நாளை முதலிலிருந்து, என்றாள்.

எல்லாவற்றுக்கும் மேலான சென்டிமீட்டர்
இன்னும் டப்பாவில்.
அதை எண்ணும் முறை யாருக்கென்று
பட்டியலில் போடவில்லை.

வீட்டில் முட்டை உரிக்கும்போது
கம்பளிச் சட்டையின் கையில் ஒரு வெள்ளைப் புள்ளி.
உப்பா, வீடா,
எந்தப் பக்கம் சுருண்டது,
சமையலறை வெளிச்சத்தில் தெரியவில்லை.
இந்த முறை
மூச்சை அடக்கிக்கொண்டேன்.