அடுத்த நிறுத்தம்

ஒன்பது வருடம் முன்பு
டிராம் அலுவலகத்தில் ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து
பதினேழு நிறுத்தங்களின் பெயரையும்
என்னைச் சொல்லச் சொன்னார்கள்.
வரவேண்டியவளுக்குச் சளி.
அன்றிலிருந்து லியபாயாவில்
சந்தை வந்தாலும் பாலம் வந்தாலும்
நான்தான் சொல்கிறேன்,
நான் விடுப்பில் இருக்கும் நாளிலும்.

இந்தப் பிப்ரவரியில் ஒலிபெருக்கி கெட்டது.
ஓட்டிக்கொண்டே நானே கத்தினேன்:
"அடுத்தது பழைய பாலம்!"
முன் இருக்கையில் மஞ்சள் குல்லாய்ச் சிறுமி
அம்மாவைக் கேட்டாள்,
"தினமும் பேசுற அக்கா எங்கே? யார் இந்த மாமா?"
டிராமே சிரித்தது.
நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.
இப்போதெல்லாம் எதற்குமே
கொஞ்சம் தாமதமாகத்தான் வந்துசேர்கிறேன்.

பால்டிக் கரையில், பிப்ரவரியில்
குளிர்கிறது என்று சொல்பவளை
யார் திரும்பிப் பார்ப்பார்கள்?
ஆனால் ஜூலையில்,
ஊரே கடலுக்குள் இறங்கிக் கிடந்த அந்த வாரம்,
கம்பளிக் காலுறையோடு மணலில் உட்கார்ந்திருந்தேனே.
அப்போது யாராவது கேட்டிருக்கலாம்.
கேட்டிருந்தால் காற்று என்றிருப்பேன்.
எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது.
ஏறிய எடைக்குக் கிறிஸ்துமஸ்.
பகலெல்லாம் சொக்கும் கண்ணுக்கு
விடிகாலை நாலு மணி ஷிப்ட்.
குளியல் தொட்டியில் தண்ணீரை வழிமறிக்கும் முடிக்கு
நாற்பத்தாறு வயது.
வயிறு நாலு நாளைக்கொருமுறைதான் அசையும்;
அதைப்பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை.
மோதிரம் விரலைவிட்டு வரமாட்டேன் என்றதை
கணவர் பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

பழுதுபார்த்த இரவு
பணிமனையில் காலி டிராம்.
ஸிகுர்ட்ஸ் பொத்தானை அழுத்தினான்.
"சந்தை," என்றது,
கண்ணாடிக் கோப்பையில் கரண்டி பட்டதுபோல.
"சந்தை," என்றேன் நான் பின்னாலேயே.
என் நாக்கு வாய்க்குள்
யாரோ மறந்துவிட்டுப் போன நனைந்த கையுறை.
அவன் தலையைச் சொறிந்தான்.
"வீஸ்மா, பதிவு வேகமாக ஓடுகிறது.
உன் குரலுக்கு ஒத்துவரும்படி
இழுத்துக் குறைக்கட்டுமா?"

வேண்டாம் என்றேன்.
அது சரியாகத்தான் ஓடுகிறது.

பிறகு ஓட்டுநர் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தேன்.
உப்பிய இமைகள்.
புருவம் இரண்டும் முக்கால்வழியில் நின்றுபோயிருந்தன,
சொல்லவந்ததை மறந்தவர் வாக்கியம் மாதிரி.
கைக்கடிகாரத்தை வைத்து நாடியை எண்ணினேன்.
ஐம்பத்திரண்டு.
நான் ஓட்டப்பந்தய வீராங்கனை அல்ல.

போன இலையுதிர்காலத்திலும் டாக்டர் மிர்ட்சாவிடம் போனவள்தான்.
"சோர்வாக இருக்கிறது" என்றேன்;
"யாருக்குத்தான் இல்லை" என்றார்.
இருவருமே பொய் சொல்லவில்லை.
இந்த முறை சோர்வு என்ற சொல்லையே எடுக்கவில்லை.
செல்பேசியில் பதிந்துவந்த இரண்டு "சந்தை"களையும்
அடுத்தடுத்துப் போட்டுக்காட்டினேன்.
அம்மாவின் தங்கைக்குக் கழுத்தில் கட்டி இருந்தது என்றேன்.
"தைராய்டு பார்த்துவிடலாமா?"
கேட்கும்போது அந்தக் கட்டைக்குரலும் நடுங்கியது.

கழுத்தில் விரல் வைத்து எச்சில் விழுங்கச் சொன்னார்.
நாற்காலியில் முட்டிபோடவைத்து
குதிகாலுக்கு மேலே சுத்தியால் தட்டினார்.
பாதம் உடனே உதைத்தது.
திரும்பிவரத்தான் அதற்கு மனமில்லை.
அவர் இன்னொருமுறை தட்டிப் பார்த்தார்,
பேசாமல் ரத்தப் பரிசோதனைத் தாளை எழுதினார்.

முடிவு வியாழக்கிழமை.
வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், பார்க்கலாம் என்றார்.
முழங்கை மடிப்பில் பஞ்சோடு
பயணியாக டிராம் ஏறினேன்.
"மருத்துவமனை," என்றாள் அவள், கதவு மூடும்முன்.
ஒன்பது வருடமாக
ஒரு நாளைக்கு இருபதுமுறை எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தார்.
"மூடுங்கள், எனக்குக் குளிர்கிறது," என்றேன்.
காரணம் எதுவும் சேர்க்கவில்லை.