மினுக்கம் போகும் வரை

நாளைக் காலை பத்துக்கு வீட்டைக் கையளிக்க வேண்டும்.
இப்போது இரவு ஒன்பதேகால்.
பூர்க்டோர்ஃபுக்கு வந்த முதல்நாள்
சோபாவின் கால் சுவரில் போட்ட ஓட்டையை
ஒன்பது கலண்டர்கள் மறைத்திருந்தன.

தயாபரன் சதுரமாய் வெட்டி
ஜிப்சம் துண்டைப் பொருத்தி
நாடா ஒட்டி, பசை இழுத்து, தேய்த்துவிட்டு
எப்பிடி? என்றான்.
சுற்றிவர அம்மைத் தழும்புச் சுவர்.
நடுவில் சவரம் செய்த கன்னம்.
பொய் அங்கேதான் பிடிபடும்,
மற்றதையெல்லாம் விட வழுவழுப்பாய் இருக்கிற இடத்தில்.

விசிறும் இயந்திரம் வாடகைக்குத் தொண்ணூறு பிராங்.
எங்களிடம் ஒரு பழைய தூரிகை.
பூச்சை அப்பமாப் பதத்துக்குக் கரைத்து
முதலில் வாழைப்பழப் பெட்டி மட்டையில்
பெருவிரலால் மயிரைப் பின்னிழுத்து விட்டேன்.
குண்டு குண்டாய் விழுந்தது.
இன்னும் கொஞ்சம் தண்ணீர்.
இன்னும்.
பிறகு சுவர்.

உடனே தொடாதை, என்றான்.
தெரியும், என்றேன்.
தொட்டேன்.
ஒரே இழுவையில் சொட்டெல்லாம் ஒன்றாகிப்
பாணில் பூசிய பட்டர் போலாயிற்று.
ஈரப் பஞ்சால் துடைத்துத்
திரும்பவும் தொடக்கம்.

பத்து மணிக்கு மேல் இந்தக் கட்டிடத்தில்
குழாய் திறந்தாலே கீழ்வீட்டு இம்ஹோஃபுக்குக் கேட்கும்.
நல்லவேளை, இது சத்தமில்லாத வேலை.
விளக்கைத் தரையில் வைத்துவிட்டுக்
குந்தியிருந்து பார்த்தோம்.
சொட்டுகள் மினுங்கின.
ஓரத்துச் சொட்டு முதலில் மங்கியது,
பிறகு அதன் பக்கத்தது.
கட்டிலைக் கழற்றியாயிற்று, கதிரைகள் போயாயிற்று.
இந்த வீட்டில் நாங்கள்
பேசாமலும் கோபமில்லாமலும் இருந்த கால்மணி நேரம்
வேறொன்று நினைவுக்கு வரவில்லை.

இப்ப.

அகலத் தகட்டைச் சரித்துப் படுக்கப் பிடித்து
கோழிக்குஞ்சைத் தடவுகிற பாரத்தில்
மேலிருந்து கீழே.
நுனிகள் மட்டும் படிந்தன.
பள்ளங்கள் பள்ளங்களாகவே கிடந்தன.
ஒவ்வோர் இழுவைக்கும் தகட்டை வாங்கித் துடைத்தான்,
நான் கேட்காமலே.

ஆரணியின் தலைமயிர் உலர்த்தி,
விடியப்புறம் பெயின்ட் இரண்டு தடவை.

பத்துக்குச் சரியாகத் திருமதி சுர்புக்கன் வந்தார்,
கையில் படிவம், சப்பாத்தில் நீல உறை.
சுவரோடு சுவராய் நடந்தார்.
உள்ளங்கை பின்னால் வந்தது.
சோபா இருந்த இடத்தில் கொஞ்சம் நின்றார்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
தயாபரன் என்னைப் பார்த்தான்.
அவர் குளியலறைக்குப் போய்
குழாயடியில் சுண்ணாம்புக் கறை என்று எழுதினார்.
நாற்பது பிராங்.

இதுவரை எந்தக் கட்டணத்தையும்
அவன் இப்படிச் சிரித்துக்கொண்டு கட்டியதில்லை.

புதுவீடு மூன்றாம் மாடி.
சுவரெல்லாம் மழமழவென்று, ஒரு புள்ளியில்லாமல்.
வாசலில் சோபா சரிந்து நிற்கிறது,
ஒரு பக்கம் அவன், மறுபக்கம் அவன் மச்சான்.
கால், கால், என்று கத்துகிறேன்,
காலைப் பாருங்கோ.