இருபது டிகிரி

இரவு இரண்டு நாற்பது. அரிசோனாவில் மேசா நகரம்.
வான்கோழித் தொடையில் குத்திப் பார்க்கும் வெப்பமானியோடு
நடைவழியில் முக்காலி மேல் நிற்கிறேன்.
வருடத்துக்கு ஒருமுறை, நவம்பரில் மட்டும்
இழுப்பறையை விட்டு வெளியே வரும் சாமான்.
ஜூலையில் எழுப்பியதால்
முள் கொஞ்சம் திகைத்துத்தான் அசைகிறது.

வீடு வேகிறது என்கிறேன் நான்.
கழுத்துவரை கம்பளியை இழுத்துக்கொண்டு
அன்செல்மோ எதுவும் சொல்வதில்லை.

முறை எளிதுதான்.
கதவுகளைச் சாத்து. ஏசியைக் கால் மணி நேரம் ஓடவிடு.
வீட்டுக் காற்றை உறிஞ்சுகிற சல்லடை வாயில் ஒருமுறை அள.
குளிர்ந்ததைத் துப்புகிற வாயில் ஒருமுறை அள.
கழி.
பதினாறுக்குக் கீழே போனால் ஏசிக்கு நோய்.
இருபத்திரண்டைத் தாண்டினால் எங்கோ மூச்சடைப்பு.
இடையில் நின்றால் அதன்மேல் குற்றமில்லை.

எனக்கு இந்த வேலை புதிதல்ல.
பகலில் ரத்த வங்கியில்
குளிர்பெட்டிகளின் எண்களைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறவள்.
யாரோ கொடுத்த, யாருக்கோ போகவேண்டிய பைகள்
ஒன்றிலிருந்து ஆறு செல்சியஸுக்குள் கிடக்க வேண்டும்.
ஏழானால் மணி அடிக்கும்.
நேற்று பட்டியலில் கையெழுத்துப் போடும்போது
மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு
என் பெயர் மேலேயே விழுந்தது.
டெல்ஃபினாவில் பாதி கரைந்து போச்சு.
மணி எதுவும் அடிக்கவில்லை.

உறிஞ்சும் வாய்: எழுபத்தெட்டு.
துப்பும் வாய்: ஐம்பத்தெட்டு.
கழித்தேன். நம்பாமல்
பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விரல்விட்டும் எண்ணினேன்.
இருபது.

விடவில்லை.
வடிகட்டியை உருவி விளக்குக்கு நேரே பிடித்தேன்;
இரண்டு வாரத்துத் தூசுதான், வெளிச்சம் ஊடுருவுகிறது.
மகன் கப்பற்படைக்குப் போனதும்
சிக்கனத்துக்காக அவன் அறையில் மூடிய காற்றுவாயைத் திறந்தேன்.
வெறுங்காலோடு பக்கச் சந்தில் ஜல்லி மேல் நடந்தேன்.
அரளி வேலியோரம் வெளி இயந்திரம்
ஊர்ச் சூட்டோடு எங்கள் வீட்டுச் சூட்டையும் சேர்த்து
ஊதிக்கொண்டிருந்தது.
கறுப்பு உறை கிழிந்த இடத்தில்
தடித்த குழாயைப் பிடித்தேன். ஜில்லென்றிருந்தது.
விட மனம் வரவில்லை.
அண்டை வீட்டு விளக்கு எரிந்தது.
இரவு உடையில் ஒருத்தி
குழாயைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து
விளக்கு அணைந்தது.

கெட்டுப் போயிருக்கலாம் இந்த ஏசி.
கெட்ட இயந்திரத்துக்கு ஒரு தொலைபேசி எண் உண்டு.
ஏணியோடு ஒருவன் வருவான், வாயு குறைச்சல் என்பான்,
நிரப்புவான், ரசீது கிழித்துத் தருவான்.

சமையலறைக்கு வந்து
சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி
கம்பியை அக்குளில் வைத்தேன்.
கோழி வெந்ததற்கான சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழே,
தொண்ணூற்றெட்டில் நின்றது முள்.
அதற்கும் காய்ச்சல் இல்லை, எனக்கும் இல்லை.
முதுகில் மட்டும் ஆறு ஓடுகிறது.

“சரியா இருக்கா?” படுக்கையிலிருந்து.
“இருக்கு.”
“அப்படீன்னா?”

மாதவிலக்கு நின்று ஏழு மாதம்.
எந்தப் பட்டியலிலும் நான் அதை எழுதவில்லை.
கம்பளிக்குள் இருக்கும் மனிதரிடமும் சொல்லவில்லை,
அவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு.

வடிகட்டியின் அட்டை விளிம்பில்
மாற்றிய தேதியை எழுதுவது எங்கள் வீட்டுப் பழக்கம்.
அதன் கீழே தடித்த பேனாவால் எழுதினேன்:
ஜூலை பதினான்கு. உள்ளே போவது எழுபத்தெட்டு.
வெளியே வருவது ஐம்பத்தெட்டு.
நான் தொண்ணூற்றெட்டு.
முழுப் பெயரோடு கையெழுத்தும் போட்டேன்.
மை காயட்டும் என்று காற்றுவாய்க்கு நேரே
கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன்,
கொஞ்சத்துக்கும் அதிக நேரம்.